ஒன்பதாம் குழாய்

மலேசியாவில் டெங்கில் என்ற ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு சதுப்புக் காடு இருக்கிறது. அந்த மண்ணை மலாயில் கம்புட் என்பார்கள். மண் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காலங்காலமாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் ஊறி, மக்கவும் முடியாமல் மரமாக இருக்கவும் முடியாமல் கிடக்கும் கறுப்புக் கூழ் அது. கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுக்கும். பிறகு பூட்ஸைத் தான் வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

ஷா ஆலமில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மாதம் ஒரு முறை அந்தக் காட்டுக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். காட்டுக்குள் ஒன்பது பிளாஸ்டிக் குழாய்களைச் செங்குத்தாக நட்டிருந்தோம். ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு புளிப்பு, எவ்வளவு உப்பு என்று மீட்டரை விட்டுப் பார்த்து எழுதுவோம். பிறகு ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொண்டுவருவோம். தண்ணீர் பார்ப்பதற்கு பால் ஊற்றாத தேநீர், அசல் தே ஓ போலவே இருக்கும். முதல் மாதம் லேபின் குளிர்பெட்டியில் வைத்திருந்த பாட்டிலை அலுவலகத்தில் ஒருவர் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போட மறந்துட்டாங்க” என்றார். அன்றிலிருந்து எல்லா பாட்டில்களிலும் மண்டை ஓடு வரைந்து ஒட்டுகிறோம்.

என்னோடு வருபவர் கிள்ளான்காரர். ஐம்பதை நெருங்கியவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வண்டி ஓட்டுவார், சாமான் தூக்குவார், பாராங் கத்தியால் வழி வெட்டுவார், அட்டை கடித்தால் பிடுங்கி எறிவார். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்தக் காட்டுக்குப் போய்வருகிறவர். அவர் இல்லாமல் நான் மூன்றாம் குழாயைக்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

ஒன்பதாம் குழாய் இருந்தது கடைசியில், தோட்டத்தை ஒட்டி வெட்டிய ஒரு கால்வாய்க்கு அந்தப் பக்கம். கால்வாயைக் கடக்க ஒற்றைப் பலகை. ஒவ்வொரு மாதமும் எட்டாம் குழாயை முடித்ததும் அண்ணன் வாளியையும் மீட்டரையும் எடுத்துக்கொள்வார்.

“நீ இங்கயே உக்காந்து எழுது மா. ஒம்பதுக்கு நான் போயிட்டு வரேன். அந்தப் பலக சரியில்ல.”

வாளியில் எட்டாம் குழாயின் தண்ணீர் கொஞ்சம் மீதி இருக்கும். கழுவுவதற்கு என்பார். கால் மணி நேரத்தில் நிறைந்த பாட்டிலோடும் ஒரு துண்டுக் காகிதத்தோடும் திரும்பி வருவார். என்ன ஒரு நல்ல மனிதர், என்னை அந்தப் பலகையில் ஏறவிடாமல் தானே போகிறாரே என்று நான் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாதம் அண்ணனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. எட்டாம் குழாய்வரை நொண்டிக்கொண்டே வந்தவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னைக்கு ஒம்பது வேணாம் மா. விட்டுடலாம்.”

“பரவால்ல அண்ணே, நான் போறேன்.”

“வேணாம் லா. தேனீ இருக்கு.”

“போன மாசம் நீங்க தேனீ பத்தி ஒண்ணும் சொல்லலையே?”

“புதுசா வந்திருக்கும்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாளியையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். கால்வாயைப் பார்த்ததும் ரோஷம் பாதி இறங்கியது. பலகையின் ஒரு முனை தண்ணீரில் மூழ்கியிருந்தது. மறு முனையில், என் கை நீளத்துக்கு ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவேயில்லை. அந்த அலட்சியத்தில் மீதி ரோஷமும் இறங்கியது.

அங்கேயே ஒரு வேரின்மேல் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வாளியில் இருந்த எட்டாம் குழாயின் தண்ணீரை ஒன்பது என்று எழுதிய பாட்டிலில் ஊற்றினேன். அண்ணன் கொண்டுவரும் துண்டுக் காகிதங்களில் புளிப்பின் அளவு எப்போதும் மூன்று புள்ளி ஆறை ஒட்டியே இருக்கும் என்பது நினைவிருந்தது. அதையே எழுதினேன். அப்படியே மொட்டையாக நின்றால் சந்தேகம் வருமே என்று பின்னால் ஓர் இரண்டைச் சேர்த்தேன். ஆழத்தையும் உப்பையும் எட்டாம் குழாயைப் பார்த்து ஒப்பேற்றினேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் பரிசோதனையில்கூட நான் இப்படிச் செய்ததில்லை. அங்கே உடும்பு இல்லை.

திரும்பி வந்து காகிதத்தை நீட்டினேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒம்பதுக்குப் போனியா?”

“போனேனே.”

“குழாய் இருந்துச்சா?”

“இருக்காம எங்கண்ணே போவும்?”

அவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். வண்டியில் வழியெல்லாம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார். டெங்கிலில் வண்டியை நிறுத்தி, கேட்காமலேயே எனக்கு இரண்டு ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தார். முழங்கால் வலிக்கிற மனிதர் எதற்கு இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

எங்கள் மேலதிகாரி ஓர் அம்மையார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் அண்ணன்மார்களும் அரசாங்க உத்தியோகம். அவரை எல்லாரும் மேடம் என்போம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு எண்களைப் படிப்பார். அவர் படிக்கும்போது எண்களே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். அந்த மாதத்து அறிக்கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“புளிப்பில மற்றக் குழாயள் எல்லாம் ஏறி இறங்கித் துள்ளுது. இந்த ஒன்பது மட்டும் எவ்வளவு வடிவா, அழகா இருக்கு, பாருங்கோ பிள்ளை. மழை பெய்தாலும் ஒன்றுதான், காய்ஞ்சாலும் ஒன்றுதான்.”

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“வாற செவ்வாய்க்கிழமை, இந்தத் தண்ணி அளக்கிற வேலையை எங்களுக்குக் குடுத்த கம்பெனியில இருந்து ஓர் அதிகாரி வாறார். நானும் வாறன். அவருக்கு ஒன்பதாம் குழாயைக் காட்டுவம். அதுதான் எங்கட நல்ல பிள்ளை.”

வெளியே வந்ததும் அண்ணனுக்கு என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்கும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. “முட்டி எப்படி இருக்கு அண்ணே?” என்று கேட்டேன். “பரவால்ல மா” என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரி வந்து மீட்டரை விடும்போது நான் எழுதிய எண்ணுக்குப் பக்கத்திலாவது ஏதாவது வருமா என்று தெரியாமல் தூக்கமே வரவில்லை. சனிக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தேன். யாருக்கும் தெரியாமல் போய், ஒன்பதாம் குழாயை ஒரு தடவை உண்மையாகவே அளந்துவிடுவது. தனியாகக் காட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் பொய் எண் எழுதக்கூடாது என்பதும் விதிதானே. ஒன்றை மீறியவளுக்கு இன்னொன்று எம்மாத்திரம்?

கால்வாயைக் கடக்கப் பலகை வேண்டும். வீட்டில் கழற்றிவைத்திருந்த பழைய கட்டிலின் நீளப் பலகையை எடுத்து என் சின்னக் காருக்குள் நுழைத்தேன். பாதி பின்கண்ணாடிக்கு வெளியே நின்றது. கணவர் பல்துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“கிள்ளானுக்கு. ஒரு ஃப்ரெண்டு வீட்டுக்கு.”

“பலகையோடயா?”

“அவளுக்கு அலமாரி செய்யணுமாம்.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திருமணமாகிப் பதினோரு வருடத்தில் எதைக் கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்து மண்பாதை முடியும் இடத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. யாரோ மீன் பிடிக்க வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டில் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் மரத்தையெல்லாம் இடித்துக்கொண்டு, எட்டாம் குழாயைத் தாண்டிப் போனேன். கால்வாயில் ஏற்கெனவே ஒரு புதுப் பலகை போட்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ‘தொப், தொப்’ என்று சத்தம் கேட்டது.

கவிழ்த்த வாளியின்மேல் ஏறி நின்று, ஒரு புத்தம்புது வெள்ளைக் குழாயைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தார் அண்ணன். பக்கத்தில் லேபின் மண் துளைக்கும் கருவி கிடந்தது. முகமெல்லாம் கறுப்பு. பல் மட்டும் வெள்ளை, குழாய் போலவே.

என்னைப் பார்த்தார். என் தோளில் இருந்த பலகையைப் பார்த்தார். நான் அவர் கையில் இருந்த குழாயைப் பார்த்தேன். 

“என்ன மா, வீடு மாத்துறீங்களா?” என்றார் கடைசியில்.

“ஒம்பதாம் குழாய் எங்கண்ணே?”

“போன மாசம் நீதான வந்து பாத்த? நீயே சொல்லு.”

பலகையைக் கீழே போட்டேன். முதலில் யார் சிரித்தார்கள் என்று இப்போது நினைவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் வாளி சரிந்து, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

குழாய் காணாமல் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு மாதம் அவர் போய்ப் பார்த்தபோது அங்கே ஓட்டைதான் இருந்ததாம். சொன்னால் புதுக் குழாய் கேட்டு எழுத வேண்டும், அவ்வளவு நீளத்தை அந்தப் பலகைமேல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டிருக்கிறார். அடுத்த மாதம் சொன்னால் போன மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதையும் விட்டிருக்கிறார்.

“தண்ணி ஆழத்துக்கு என்ன பண்ணீங்க?”

“எட்டுல எவ்ளோ இருக்கோ, அதோட ரெண்டு சென்டி கூட்டிக்குவேன்.”

“எப்பவும் ரெண்டா?”

“மழ நாள்ல ஒண்ணு” என்றார், தன் நேர்மையை நான் சந்தேகித்துவிட்டது போல.

இருவரும் சேர்ந்து குழாயை இறக்கினோம். நட்ட பிறகுதான் புதுச் சிக்கல் தெரிந்தது. மற்ற எட்டுக் குழாய்களும் பாசி பிடித்துப் பச்சையாக நிற்க, இது மட்டும் பல்பசை விளம்பரம் போலப் பளிச்சென்று நின்றது. சேற்றை அள்ளிப் பூசினோம். மரத்திலிருந்து பாசியைச் சுரண்டி ஒட்டிப் பார்த்தோம். ஒட்டியது, விழுந்தது. எண் எழுத வேண்டுமே, சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கைப்பையைத் துழாவினேன். சிவப்பு நகப்பூச்சு இருந்தது. அதில் பெரிதாக ஒரு ‘9’ எழுதினேன். அழகாகத்தான் வந்தது.

திரும்பும் வழியில், தோட்டத்து ஓரம் ஓர் அம்மா கோழி வளர்க்கும் கொட்டகையை அண்ணன் விரலால் காட்டினார். கூரையிலிருந்து மழைத் தண்ணீரைப் பீப்பாய்க்குள் இறக்க ஒரு பச்சைக் குழாயைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். அதில் சிவப்புப் பெயின்டில் ‘9’ என்று இருந்தது.

“உங்களுக்கு இது தெரியுமா?”

“போன வருஷமே பாத்துட்டேன். எப்படிப் போயிக் கேக்குறது மா? அவுங்க பீப்பா நெறையுதுல்ல?”

செவ்வாய்க்கிழமை மேடம் வெள்ளை விளையாட்டுக் காலணியும் தொப்பியும் குடையுமாக வந்தார். அந்த அதிகாரி ஒரு மலாய்க்காரர், சாதுவான மனிதர், அட்டைகளுக்கு மட்டும் அஞ்சுகிறவர். மேடம் பலகைமேல் மார்க்கெட்டுக்குப் போவதுபோல நடந்து கடந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

மேடம் தானே மீட்டரை விட்டார். புளிப்பு நாலு புள்ளி எட்டு. உப்பு, மற்றக் குழாய்களைப்போல மூன்று மடங்கு. பிறகு அளவு நாடாவை இறக்கினார். அது இறங்கிக்கொண்டே போனது. எட்டாம் குழாயில் ஒரு சாண் ஆழத்தில் நின்ற தண்ணீர், இங்கே என் இடுப்பளவு கீழே கிடந்தது.

“போன மாசம் எவ்வளவு பிள்ளை?”

சொன்னேன். 

மேடம் குனிந்து குழாயைப் பார்த்தார். சிவப்பு ஒன்பதை விரலால் தடவினார். “நல்ல வடிவான நிறம். எந்தக் கடையில வாங்கினீங்கள்?” என்றார். பிறகு குழாயைச் சுற்றி மறுபக்கம் போனார். அங்கே, நாங்கள் பூசிய சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில், கிள்ளான் ஹார்ட்வேர் கடையின் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியபடி இருந்தது. அவர் அதை நிதானமாக உரித்து, மடித்து, கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரியிடம் திரும்பி மலாயில் தெளிவாகச் சொன்னார்: இந்தக் குழாய் காணாமல் போயிருந்தது, போன சனிக்கிழமைதான் புதிது நட்டோம், இதன் பழைய எண்களை நம்ப வேண்டாம், எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, தன் காலுறைக்குள் ஏதோ ஊர்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று அண்ணனிடம் கேட்டார்.

அதிகாரி போன பிறகு டெங்கிலில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். மேடம் தே ஓ சொன்னார். அண்ணனால் தாங்க முடியவில்லை.

“சனிக்கிழமன்னு எப்படித் தெரியும் மேடம்?”

“மண் துளைக்கிற கருவியை வெள்ளிக்கிழமை எடுத்திருக்கிறீங்கள். புத்தகத்தில கையெழுத்துப் போட்டு, ‘சனிக்கிழமை ஒன்பதாம் குழாய் நட’ என்று காரணமும் எழுதியிருக்கிறீங்கள்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். “எழுதாம எடுக்கக்கூடாதுல்ல மா” என்றார் அவர் மெதுவாக.

மேடத்துக்கு விஷயம் நாலு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. லேபில் எட்டாம் பாட்டிலும் ஒன்பதாம் பாட்டிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தாராம். யாரும் வராததால், அதிகாரியைத் தானே வரவழைத்திருக்கிறார். வடிவு என்றும் நல்ல பிள்ளை என்றும் அன்றைக்குச் சொன்னதெல்லாம் எங்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கத்தான்.

“அண்டைக்கு ஒராள் நிலத்தைப் பார்த்தீங்கள், மற்றாள் கூரையைப் பார்த்தீங்கள். ரெண்டு பேரும் பொய் என்று அப்பதான் விளங்கினது. அதுவரைக்கும் ஒராள்தான் என்று நினைச்சிருந்தன்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் குவளையைத் தள்ளிவைத்துவிட்டு, தோட்டத்துக் கால்வாயை ஆழமாக்கியிருக்கிறார்கள், அது காட்டின் தண்ணீரை உறிஞ்சுகிறது, காய்ந்த கம்புட்டில் தீ பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் எரியும் என்றார். இதைக் கண்டுபிடிப்பதற்காக நட்ட குழாய்தான் அது. நாங்கள் இருவரும் ஒன்றரை வருடம் அங்கே தண்ணீர் ததும்புகிறது என்று எழுதிக்கொண்டிருந்தோம். காது மடல் சுடுகிறது என்பார்களே, எனக்கு அன்றைக்கு நிஜமாகவே சுட்டது. நான் பொய் எழுதியது ஒரே ஒரு மாதம்தான் என்று சொல்லத் தோன்றியது. பக்கத்தில் அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எண்களைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான்தான் எழுதினேன். நான்கு முறை திருத்தினேன். ‘உடும்பு’ என்ற சொல்லை மேடம் அடித்துவிட்டார். அந்தக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து புதிய குழாயை நாலைந்து முறை அவர்களே அளந்து பார்த்தார்கள். பிறகு தோட்டத்துக்காரர்களிடம் பேசி, கால்வாயில் மணல் மூட்டையும் பலகையும் வைத்துக் குறுக்கே தடுத்தார்கள். தண்ணீர் மெல்ல, மாதத்துக்கு ஒரு விரற்கடை இரண்டு விரற்கடை என்று மேலே வந்தது.

எங்களுக்குத் தண்டனை, ஒன்பதாம் குழாயை ஒரு வருடத்துக்கு வாரம் ஒரு முறை அளப்பது. அதோடு, அளந்ததற்குச் சாட்சியாக ஒவ்வொரு முறையும் குழாயோடு ஒரு படம் எடுத்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் வாரத்துப் படத்தில் அண்ணன் காவல் நிலையத்தில் நிற்பவர் போல விறைப்பாக நின்றார். மூன்றாம் வாரம் தலை வாரியிருந்தார். இரண்டாம் மாதம் கறுப்புக் கண்ணாடி வந்தது. தீபாவளி வாரத்தில் புது பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வந்து, குழாயின்மேல் கையை ஊன்றி, “இப்ப எடு மா” என்றார். அந்தச் சட்டையோடு அட்டை பிடுங்கியதில் சட்டைக் கையில் ஓர் இரத்தக் கறை விழுந்துவிட்டது.

அதற்கு மறுவாரம் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். கிள்ளானில் கடை வைத்திருப்பவர், நேராகப் பேசுகிறவர்.

“ஏம்மா, இந்த மனுஷன் வாராவாரம் செண்ட்டு அடிச்சிக்கிட்டுக் காட்டுக்குப் போறாரு. அங்க யாரு இருக்கா?”

நான் ஒன்பதாம் குழாயின் படங்களில் நல்லதாக ஆறு எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தேன்.